கிற்றாரும் சொதிச்சட்டியும்: இன்புட் இம்பீடன்ஸ் எப்படி இயங்குகிறது?

வேலணையிலிருந்து வாணர் பாலத்தைத் தாண்டினால் புங்குடுதீவு. அதன் மறுகரையில் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு ஏறும் குறிகட்டுவான் துறை. அந்தத் தீவின் ஊர்களில் ஒன்று இறுப்பிட்டி. அங்கே மின்கிற்றார் பழகுகிற பிள்ளைக்கு இன்று அறையை அடைக்கும் அம்பிளிபயர் தேவையில்லை. ஒரு மடிக்கணினி, கைக்குள் அடங்கும் ஓடியோ இன்ரர்பேஸ், அம்பைப் போலி செய்யும் ஒரு மென்பொருள் இருந்தால் ஃபெண்டரின் குரலும் மார்ஷலின் குரலும் ஹெட்போனுக்குள் வந்துவிடும். நியூரல் அம்ப் மொடலர் போன்ற மென்பொருள்கள் காசே இல்லாமல் கிடைக்கின்றன.

இப்படிச் செருகிப் பார்த்தவர்களில் பலர் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: சத்தம் வருகிறது, ஆனால் அடைத்துப்போய் வருகிறது. மீட்டுகோல் கம்பியில் படும் ‘ணங்’ கேட்பதில்லை. வேறொருவர் அதே மென்பொருளில் வாசித்தது தெளிவாக இருக்கிறது. தன்னுடையது மங்கலாக இருக்கிறது. உடனே மென்பொருளை மாற்றுகிறார்கள், பிக்கப்பை மாற்றுகிறார்கள், கிற்றாரையே விற்கிறார்கள்.

பெரும்பாலும் பிழை அங்கெல்லாம் இல்லை. கிற்றாரின் வயர் போய்ச் செருகும் அந்தத் துளை கிற்றாரிடமிருந்து எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதை அளக்கும் எண்தான் இன்புட் இம்பீடன்ஸ். இது எப்படி இயங்குகிறது என்பதைக் குசினிக்குள் போய்ப் பார்ப்போம்.

சொதியில் உப்புப் பார்த்தல்

சொதி வைக்கிற முறை எல்லோருக்கும் தெரியும். தேங்காய்ப்பூவைப் பிழிந்து தடித்த முதற்பாலை ஒரு பக்கம் எடுத்து வைப்பார்கள். கப்பிப்பாலில் வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் போட்டு அவியவிடுவார்கள். கடைசியில் முதற்பாலை விட்டு, ஒரு கொதி எழும்பியதும் இறக்கித் தேசிக்காய் பிழிவார்கள். சொதியின் மணமும் தடிப்பும் அந்த முதற்பாலில்தான். அது சட்டியின் மேல்பக்கத்தில் நிற்கும்.

உப்புப் பார்க்கிறவர் என்ன செய்வார்? அகப்பை நுனியில் தொட்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நாக்கில் வைத்துப் பார்ப்பார். சட்டியில் எதுவும் குறையாது. சொதியின் உண்மையான சுவையும் அவருக்குத் தெரிந்துவிடும். அதையே ஒரு சின்னச் சட்டியில் பெரிய அகப்பையை விட்டு அள்ளிப் பார்த்தால், முதலில் போவது மேலே நிற்கும் முதற்பால். அடுத்த அள்ளலில் கையில் வருவது கப்பிப்பால் தண்ணீர். சுவை பார்க்கப் போனவரே சுவையை மாற்றிவிட்டார்.

கிற்றாரின் பிக்கப் அந்தச் சின்னச் சட்டி. கம்பியின் மணி போன்ற உயர்ந்த ஒலிகள், அதாவது மேல் மீடிறன்கள், அதன் முதற்பால். இன்ரர்பேஸின் துளை அகப்பை. இன்புட் இம்பீடன்ஸ் கூடக் கூட அகப்பை சிறிதாகும். குறையக் குறையப் பெரிதாகும். 1 மெகாஓம் என்பது உள்ளங்கையில் விடும் ஒரு சொட்டு. 2 கிலோஓம் என்பது சட்டியையே காலியாக்கும் அகப்பை.

சட்டி ஏன் இவ்வளவு சின்னது?

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய கம்பிச்சுருள். உருக்குக் கம்பி அதன்மேல் அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. வேறு எந்த மின்சாரமும் அதற்குள் போவதில்லை. விரல் கொடுக்கும் சக்தியில் ஒரு துளிதான் மின்சாரமாகிறது.

அந்தத் துளியிலிருந்து கேட்கக்கூடிய மின்னழுத்தம் பெறுவதற்காகச் சுருளை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றுகிறார்கள். 1954இல் ஃபெண்டர் வெளியிட்ட ஸ்ட்ரற்றோகாஸ்டர் கிற்றாரின் பிக்கப்பில் ஏறத்தாழ 8,000 சுற்றுகள். கம்பியின் தடிப்பு 0.06 மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும், தலைமயிரளவு. அந்தச் சுருளின் தடை சுமார் 6 கிலோஓம். இந்தத் தடிப்புள்ள செப்புக் கம்பி ஒரு மீற்றருக்கு ஏறக்குறைய 5.4 ஓம் தடை காட்டும் என்பதால், விரலளவு நீளமுள்ள அந்தப் பிக்கப்புக்குள் ஒரு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட கம்பி சுருண்டு கிடக்கிறது என்று கணக்குப் போடலாம்.

தடை மட்டும் என்றால் பிரச்சினை சின்னது. சுருளுக்கு இன்னொரு குணம் உண்டு: மின்னோட்டம் வேகமாக மாறுவதை அது எதிர்க்கும். இதைத் தூண்டுதிறன் என்கிறோம், அளவு ஹென்றியில். ஸ்ட்ரற் பிக்கப்பில் இது ஏறத்தாழ 2.4 ஹென்றி. மீடிறன் கூடக் கூட இந்த எதிர்ப்பும் கூடும். கிற்றாரின் தடித்த கம்பி தரும் 82 ஹேர்ட்ஸில் இது சுமார் 1.2 கிலோஓம்தான். 1,000 ஹேர்ட்ஸில் 15 கிலோஓம். மீட்டுகோலின் ‘ணங்’ இருக்கும் 4,000 ஹேர்ட்ஸில் 60 கிலோஓம்.

அதாவது கீழ்ச்சுரங்களைப் பிக்கப் தாராளமாகத் தரும். மேல் மீடிறன்களை இழுத்துப் பிடித்துக்கொண்டு துளித்துளியாகத்தான் தரும். ஆகவே பெரிய அகப்பை வந்தால் முதலில் தீர்ந்துபோவது முதற்பால்தான்.

துளை மாறினால் எவ்வளவு போகும்?

ஓர் இன்ரர்பேஸில் பொதுவாக மூன்று வகை உள்வாய்கள் உண்டு. மைக் உள்வாய் 2 அல்லது 3 கிலோஓம் அளவில் இருக்கும். விசைப்பலகை, மிக்சர் போன்றவற்றுக்கான லைன் உள்வாய் 10 முதல் 60 கிலோஓம் வரை இருக்கும். ‘இன்ஸ்ட்’ அல்லது ‘ஹை-இஸட்’ என்று குறித்த கிற்றார் உள்வாய் 1 மெகாஓம் அளவில் இருக்கும். பலர் வைத்திருக்கும் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறையில் மைக்குக்கு 3 கிலோஓம், லைனுக்கு 60 கிலோஓம், கிற்றாருக்கு 1.5 மெகாஓம். ஒரே துளைதான், ஒரு பொத்தானை அழுத்துவதில் 60 கிலோஓம் 1.5 மெகாஓமாக மாறுகிறது.

வயரையும் கிற்றாரின் குமிழ்களையும் ஒதுக்கிவைத்து, மேலே சொன்ன பிக்கப்பை மட்டும் எடுத்துக் கணக்குப் பார்ப்போம். 10 கிலோஓம் லைன் உள்வாயில் செருகினால், 82 ஹேர்ட்ஸில் பிக்கப் உண்டாக்கும் மின்னழுத்தத்தில் 62 சதவீதம் உள்ளே போகும். 1,000 ஹேர்ட்ஸில் 45 சதவீதம். 4,000 ஹேர்ட்ஸில் 16 சதவீதம் மட்டும். கீழ்ச்சுரத்துக்கும் ‘ணங்’ ஒலிக்கும் இடையில் ஏறத்தாழ 12 டெசிபெல் வித்தியாசம் விழுந்துவிட்டது. 2 கிலோஓம் மைக் உள்வாயில் செருகினால் 82 ஹேர்ட்ஸில் 25 சதவீதம், 4,000 ஹேர்ட்ஸில் 3 சதவீதம்தான் மிஞ்சும்.

1 மெகாஓமில் 82 ஹேர்ட்ஸ், 1,000 ஹேர்ட்ஸ் இரண்டிலும் 99 சதவீதத்துக்குக் குறையாது. அடைத்துப்போன குரல் என்று முறைப்பாடு வருவதற்கும், அதே மென்பொருள் இன்னொருவரிடம் தெளிவாகக் கேட்பதற்கும் இந்தக் கணக்கே போதுமான காரணம்.

மென்பொருளில் மேல் மீடிறன்களை 12 டெசிபெல் கூட்டினால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். கூட்டலாம்; கூடவே அங்கே இருந்த இரைச்சலும் 12 டெசிபெல் கூடும். அதைவிட முக்கியமான இன்னொன்றும் தொலைந்திருக்கும். அது பரிவு.

கொதி எழும்பும் இடம்

முதற்பால் விட்ட சொதி, ஒரு கட்டத்தில் நுரை கட்டிச் சட்டியின் விளிம்புவரை எழும்பும். அந்தக் கணம்தான் சொதியின் பதம். அகப்பையை உள்ளே விட்டு விடாமல் துழாவினால் எழும்பாது, அமுங்கிக் கிடக்கும்.

பிக்கப்பிலும் இப்படி எழும்பும் இடம் ஒன்று உண்டு. கிற்றார் வயரின் நடுக்கம்பிக்கும் அதைச் சுற்றியிருக்கும் பின்னலுக்கும் இடையில் கொள்ளளவம், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் குணம் இருக்கிறது. ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 100 பிக்கோபரட். 5 மீற்றர் வயரில் 500. பிக்கப்பின் சொந்தக் கொள்ளளவத்தையும் சேர்த்து 600 என்று வைத்தால், 2.4 ஹென்றிச் சுருளோடு அது பரிவு கொள்ளும் மீடிறன் சுமார் 4,200 ஹேர்ட்ஸ். அந்த இடத்தில் பிக்கப்பின் ஒலி தாழாமல் மேலே எழும்புகிறது. ஸ்ட்ரற்றின் கண்ணாடி போன்ற பளபளப்பு இங்கேதான் பிறக்கிறது. கிப்சனில் செத் லவர் 1955இல் உருவாக்கிய இரட்டைச்சுருள் ஹம்பக்கர் பிக்கப்பின் தூண்டுதிறன் 4 ஹென்றிக்கு மேல் போகும். அதே வயரில் அது சுமார் 3,000 ஹேர்ட்ஸில் எழும்பும். ஹம்பக்கரின் குரல் தடிப்பாகக் கேட்பதற்கு ஒரு காரணம் இது.

எவ்வளவு உயரம் எழும்பும் என்பதை அதன்மேல் ஏற்றிய பாரம் முடிவு செய்கிறது. பாரத்தில் ஒரு பகுதி கிற்றாருக்குள்ளேயே இருக்கிறது: ஸ்ட்ரற்றில் சத்தக் குமிழும் தொனிக் குமிழும் தலா 250 கிலோஓம், இரண்டும் சேர்ந்தால் மேல் மீடிறன்களுக்கு 125 கிலோஓம். ஹம்பக்கர் கிற்றார்களில் 500 கிலோஓம் குமிழ்கள் போடுவது இந்தப் பாரத்தைக் குறைப்பதற்காகத்தான்.

இதோடு 1 மெகாஓம் உள்வாயைச் சேர்த்தால் மொத்தப் பாரம் 111 கிலோஓம். கொதி நன்றாகவே எழும்பும். 10 மெகாஓம் போட்டாலும் 123 கிலோஓம்தான். காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆகவே இன்னும் பெரிய எண்ணைத் தேடிக் காசு செலவழிப்பதில் பயனில்லை. மாறாக, 60 கிலோஓம் லைன் உள்வாயில் இந்த எண் 40 கிலோஓமாகக் கீழிறங்கும்; ஓம் குறையக் குறையப் பாரம் கூடும். எழும்பவேண்டிய இடத்தில் சரிவு தொடங்கிவிடும்.

‘பொருத்துதல்’ என்றால் சமனாக்குதல் இல்லை

இம்பீடன்ஸைப் பொருத்தவேண்டும் என்று கேள்விப்பட்டவர்கள், இரண்டு பக்கமும் ஒரே எண் வரவேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சக்தியை முழுமையாகக் கடத்தும் வேலைகளுக்கான விதி. நீண்ட தொலைபேசிக் கம்பிகளில் இரு முனையிலும் 600 ஓம் வைத்தார்கள். கிற்றாருக்கு நமக்கு வேண்டியது சக்தி இல்லை. மின்னழுத்தத்தின் வடிவம் சிதையாமல் உள்ளே போவது. இரு பக்கமும் சமனாக வைத்தால் மின்னழுத்தத்தில் பாதி போய்விடும்; 6 டெசிபெல் நட்டம்.

எடுக்கும் பக்கத்து இம்பீடன்ஸ், கொடுக்கும் பக்கத்தைப்போல் குறைந்தது 10 மடங்காவது இருக்கவேண்டும் என்பது ஒலிப்பதிவுக்காரர்களின் நடைமுறை விதி. நம்முடைய பிக்கப் 4,000 ஹேர்ட்ஸில் 60 கிலோஓம். 10 மடங்கு 600 கிலோஓம். அதற்கு மேலே ஒரு வசதியான எண் 1 மெகாஓம்.

அம்ப் செய்தவர்களும் இதே எண்ணில்தான் நின்றார்கள். பழைய ஃபெண்டர் அம்ப்களில் இரண்டு துளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முதலாவதில் 1 மெகாஓம். இரண்டாவதில் இரண்டு 68 கிலோஓம் தடைகள் தொடராக நின்று 136 கிலோஓம், மின்னழுத்தமும் பாதியாகும். ஆகவே இரண்டாவது துளையில் செருகினால் சத்தம் குறைவதோடு, பளபளப்பும் மழுங்குகிறது. 1962இல் லண்டனில் மார்ஷல் தன் முதல் அம்பைச் செய்தபோது ஃபெண்டரின் பேஸ்மன் சுற்றைத்தான் பின்பற்றியது. இந்த உள்வாய் அமைப்பும் கூடவே வந்தது.

மென்பொருள்காரர்கள் போலி செய்வது பெரும்பாலும் அந்த 1 மெகாஓம் துளைக்குப் பின்னால் நடப்பதை. ஆகவே ‘பொருத்துதல்’ என்பதன் சரியான பொருள் இதுதான்: மென்பொருள் எந்த அம்பைப் போலி செய்கிறதோ, அந்த அம்ப் பிக்கப்புக்குக் கொடுத்திருக்கும் அதே பாரத்தை உங்கள் இன்ரர்பேஸும் கொடுக்கவேண்டும்.

வீட்டிலிருந்தே பதிந்தவர்கள்

அம்ப் இல்லாமல் நேரடியாகப் பதியும் வழக்கம் கணினியோடு வந்தது இல்லை. கிற்றார்க் கலைஞர் லெஸ் போல் 1940களில் ஹொலிவுட்டில் தன் வீட்டுக் கார்க்கொட்டகையில் பதிந்துகொண்டிருந்தார். பிக்கப்பின் உயர்ந்த இம்பீடன்ஸே எல்லாத் தொல்லைக்கும் காரணம் என்பது அவருடைய நிலைப்பாடு. குறைந்த சுற்றுகள் கொண்ட, குறைந்த இம்பீடன்ஸ் பிக்கப்புகளோடு 1969இல் கிப்சன் அவர் பெயரில் கிற்றார்களை வெளியிட்டது. பதிவுமேசையில் நேரே செருகினாலும் மேல் மீடிறன்கள் போகாது. சாதாரண அம்பில் செருகுவதானால் இடையில் ஒரு மின்மாற்றி வேண்டும். சட்டியைப் பெரிதாக்கி, எந்த அகப்பை வந்தாலும் தாங்கும்படி செய்தார் என்று சொல்லலாம். பரிவின் பளபளப்புக்குப் பழகிய வாசிப்போர் அந்தக் கிற்றார்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டெட்ரோயிட்டில் மோட்டவுன் நிறுவனம் 1959இல் ஒரு வீட்டை வாங்கி அதற்குள்ளேயே பதிவகம் வைத்தது. அங்கே கிற்றாரும் பேஸும் அம்ப் இல்லாமல் டிஐ பெட்டி ஊடாக நேரே பதிவுமேசைக்குப் போயின. டிஐ பெட்டி என்பது பிக்கப்பிடமிருந்து குறைவாக எடுத்து, மைக் உள்வாய்க்கு ஏற்றபடி கொடுக்கும் இடையாள். மின்மாற்றி மட்டும் உள்ள டிஐ பெட்டிகள் பொதுவாக 140 கிலோஓம் அளவில் இருக்கும். சற்று மழுங்கிய, உருண்டையான ஒலி தரும். மின்சுற்றுள்ளவை 1 மெகாஓமும் அதற்கு மேலும் தரும்.

தமிழ்க் காதுக்கும் கிற்றார் புதிதில்லை. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பரப்பிய இலங்கைத் தமிழ்ப் பொப் கிற்றாரோடுதான் வளர்ந்தது. யு. ஸ்ரீநிவாஸ் மின் மண்டலினிலும், பிரசன்னா மின்கிற்றாரிலும் கர்நாடக இசையை வாசித்துக் காட்டினார்கள். கமகத்தில் சுரம் வளைந்து போகும்போது, அந்த வளைவு தெளிவாகக் கேட்க மேல் மீடிறன்களும் உதவுகின்றன. ராகம் வாசிக்கிற பிள்ளைக்கு இந்த ஒரு எண் ஆடம்பரமில்லை, அடிப்படை.

சட்டி மாறும் இடங்கள்

இதுவரை சொன்னது காந்தப் பிக்கப்புகளுக்கு. சில கருவிகளில் கதை மாறும்.

மரக்கிற்றாரிலும் வயலினிலும் ஒட்டும் பியெசோ பிக்கப் சுருள் இல்லை. அது ஒரு கொள்ளளவி. அங்கே பெரிய அகப்பை அள்ளுவது சட்டியின் அடியை. 1 நனோபரட் கொள்ளளவம் உள்ள பியெசோவை 1 மெகாஓமில் செருகினால் சுமார் 160 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒலி குறையத் தொடங்கும். குரல் மெலிந்து தகரம்போல் கேட்கும். 10 மெகாஓமில் அந்த எல்லை 16 ஹேர்ட்ஸுக்குப் போய்விடும். 9 வோல்ற் பற்றரி போடும் கிற்றார்களில் உள்ளேயே முன்பெருக்கி இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

இஎம்ஜி போன்ற செயல் பிக்கப்புகளிலும் பற்றரியும் முன்பெருக்கியும் உண்டு. வெளிவரும் இம்பீடன்ஸ் 10 கிலோஓம், மீடிறனோடு ஏறுவதில்லை. 60 கிலோஓம் லைன் உள்வாயில் செருகினாலும் சத்தம் சற்றுக் குறையுமே தவிர குரல் மாறாது.

பொஸ் நிறுவனத்தின் காலடிப் பெட்டிகள் பெரும்பாலும் அணைத்த நிலையிலும் பஃபராக இயங்கும். ஒரு சொட்டை மட்டும் சுவைத்து, அதே சுவையில் பெரிய சட்டிச் சொதி வைத்து அடுத்தவருக்குக் கொடுப்பது பஃபரின் வேலை. உங்கள் இன்ரர்பேஸில் ‘இன்ஸ்ட்’ உள்வாய் இல்லையென்றால், இப்படிப்பட்ட ஒரு ரியூனர் பெட்டியை இடையில் வைத்து லைன் உள்வாயில் செருகினாலே பிரச்சினை தீர்ந்துவிடும்.

இனி எதிர்ப்பக்கம். ஒலியைக் கரகரக்க வைக்கும், 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் காலடிப் பெட்டியின் இன்புட் இம்பீடன்ஸ் சில கிலோஓம்தான். அது பெரிய அகப்பை. பிக்கப்பை அமுக்கி, அதைத் தன் சுற்றின் ஒரு பகுதியாகவே ஆக்கிக்கொள்கிறது. கிற்றாரின் சத்தக் குமிழைச் சற்றுத் திருப்பியதும் அதன் கரகரப்பு தெளிவாக மாறுவது இதனால்தான். இதை மென்பொருளில் மட்டும் போலி செய்தால் பாரம் இல்லாத பிக்கப்பின் ஒலி உள்ளே போகிறது. ஃபஸ் காதைக் குத்தும். இதற்காகவே லைன் 6 ஹீலிக்ஸில், வரிசையில் முதலாவதாக நிற்கும் பெட்டிக்கு ஏற்ப இன்புட் இம்பீடன்ஸைத் தானாக மாற்றும் வசதி வைத்திருக்கிறார்கள். யுனிவர்சல் ஓடியோவின் அப்பலோ இன்ரர்பேஸ்களும் யூனிசன் என்ற பெயரில் மின்சுற்றையே மாற்றுகின்றன. அந்தக் கருவிகள் இல்லாதவர்கள் ஃபஸ் ஒன்றை மட்டும் நிஜப் பெட்டியாக வைத்து, அதன்பின் இன்ரர்பேஸில் செருகுவது நல்லது.

வீட்டில் செய்யவேண்டியவை

முதலாவது, பொத்தான். ‘இன்ஸ்ட்’, ‘ஹை-இஸட்’ அல்லது கிற்றார்ப் படம் உள்ள பொத்தானை அழுத்தி, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். சில இன்ரர்பேஸ்களில் ஒரு துளைக்கு மட்டும்தான் இந்த வசதி உண்டு. கையேட்டில் ‘இன்புட் இம்பீடன்ஸ்’ என்ற வரியைத் தேடி எண்ணைப் பாருங்கள். 1 மெகாஓமும் அதைச் சுற்றியும் இருந்தால் போதும். மடிக்கணினியின் மைக் துளையில் கிற்றாரை நேரே செருகவேண்டாம்.

இரண்டாவது, வயர். 10 மீற்றர் சுருள் வயர் 1,000 பிக்கோபரட்டுக்கு மேல் போகும். அப்போது 4,200 ஹேர்ட்ஸில் எழும்பிய கொதி 3,000 ஹேர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கணினிக்குப் பக்கத்தில் இருந்து வாசிப்பவருக்கு 3 மீற்றர் வயர் தாராளம். கிற்றாரின் சத்தக் குமிழைக் குறைத்து வாசிக்கும்போது வயரின் கொள்ளளவம் இன்னும் கூடுதலாக மேல் மீடிறன்களைத் தின்னும். தீவகத்தின் உப்புக் காற்றில் செருகிகளும் துளைகளும் சீக்கிரம் களிம்பு பிடிக்கும். பாவித்தபின் செருகியைத் துடைத்து மூடிவையுங்கள்; கரகரப்புக்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கும்.

மூன்றாவது, ஏற்றம் (கெயின்). உங்களால் இயன்ற அளவு பலமாக எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அடித்துப் பாருங்கள். சிவப்பு விளக்கு ஒருபோதும் எரியக்கூடாது. ஹம்பக்கரின் ஆரம்ப அடி சில வோல்ற் வரை போகக்கூடும். ஆகவே ஏற்றக் குமிழை அடியிலேயே வைத்துத் தொடங்குங்கள். மென்பொருள் அம்ப் உள்ளே வரும் அளவைப் பொறுத்துத்தான் கரகரக்கும். குரல் காரணமில்லாமல் முரடாக இருந்தால் மென்பொருளின் உள்வரும் அளவைக் குறைத்துப் பாருங்கள்.

நான்காவது, சோதனை. அம்ப் மென்பொருளை அணைத்துவிட்டு, கம்பிகளைத் தாங்கும் கிற்றாரின் பாலத்துக்குக் கிட்ட ஒரே இசைத்துண்டை இரண்டு முறை வாசித்துப் பதியுங்கள்: பொத்தானை அழுத்தாமல் ஒருமுறை, அழுத்தி ஒருமுறை. இரண்டின் சத்தத்தையும் சமனாக்கியபின் கேளுங்கள். கூடிய சத்தம் எப்போதும் நல்ல ஒலியாகத் தோன்றும் என்பதால் இந்தச் சமனாக்கல் அவசியம். மீட்டுகோல் படும் ஒலியையும், கம்பியில் விரல் உரசும் ஒலியையும் கவனியுங்கள். வித்தியாசம் அங்கே தெரியும்.

ஐந்தாவது, வெறும் தடத்தைச் சேமித்தல். அம்ப் போடாத நேரடித் தடத்தை எப்போதும் தனியாக வைத்திருங்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் என்ற அளவில் 4 நிமிடப் பாட்டின் ஒரு தடம் ஏறத்தாழ 35 மெகாபைற். இறுப்பிட்டியில் வாசித்ததை ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கும் மச்சான் திறந்து, தன் மென்பொருளில் வேறு அம்பைப் போடலாம். வேறு ஒலிபெருக்கியைப் போடலாம். உண்மையான அம்புக்குள்ளேயே திரும்ப அனுப்பிப் பதியலாம். புங்குடுதீவுக் குடும்பங்கள் பல நாடுகளில் சிதறியிருக்கும் இன்றைய நிலையில், சேர்ந்து ஒரு பாட்டுச் செய்ய இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் பிக்கப்பும் முதல் துளையும் சந்தித்த அந்த இடத்தில் தொலைந்ததை எந்த நாட்டில் இருக்கும் எந்த மென்பொருளாலும் முழுமையாகத் திருப்பித் தரமுடியாது.

ஆகவே புதிய மென்பொருளுக்கோ புதிய பிக்கப்புக்கோ காசு சேர்க்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அதற்கு முன் உங்கள் இன்ரர்பேஸின் கையேட்டைத் திறந்து அந்த ஓர் எண்ணைப் பாருங்கள், பொத்தானை அழுத்துங்கள், வயரைக் குட்டையாக்குங்கள். இந்த மூன்றுக்கும் பெரிய செலவில்லை. இவற்றைச் செய்தபின்னும் ஒலி பிடிக்கவில்லை என்றால் மட்டும் கடைக்குப் போங்கள்.